நான்கரை மணி டீயும் கணிப்பு நோட்டும்: தருமபுரியில் ப்ளேஆஃப் பார்க்க ஒரு கடை

தருமபுரியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ப்ளேஆஃப் (சீசன் முடிந்து நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) முதல் சுற்றை, ஆட்டம் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்த்து வாதாட வேண்டும் என்றால் பென்னாகரம் சாலையில் இருக்கும் ஒரு டீக்கடைக்குப் போகலாம். பெயரைச் சொல்லித் தேடிப் பயனில்லை. போர்டில் பால் விளம்பரம்தான் பெரிதாகத் தெரியும். ஜெராக்ஸ் கடையை ஒட்டிய ஷட்டர், வாசலில் சாய்த்து வைத்த கரும்பலகை, அதில் சாக்பீஸால் எழுதிய எட்டு வரி. முதல் சுற்றில் எட்டுத் தொடர், தொடருக்கு ஒரு வரி. ஒரு தொடர் என்றால் இரண்டு அணிகள் ஏழு ஆட்டம் வரை மோதும், முதலில் நான்கு ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும். அதுதான் அடையாளம்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஏப்ரலில் நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணியைக் கூட்டினால் நம் நேரம். அங்கே இரவு 7 மணி ஆட்டம் இங்கே விடியற்காலை 4:30. அங்கே 7:30 என்றால் இங்கே 5:00. மேற்குக் கரை ஊர்களில் நியூயார்க் நேரப்படி 10 மணிக்கு நடக்கும் ஆட்டம் இங்கே காலை 7:30க்குத் தொடங்கி பத்து மணி வரை இழுக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில் முதல் ஆட்டத்தை முழுசாகவும் இரண்டாவதில் பாதியும் பார்க்கலாம். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிக்காரர்களை நம்பி இந்தக் கடை மூன்றே முக்காலுக்கே திறக்கிறது. அதனால் நான்கரை மணி ஆட்டத்துக்கு யாரும் ஷட்டர் முன்னால் காத்து நிற்க வேண்டியதில்லை.

சனி, ஞாயிறு கதை வேறு. அங்கே பகல் 1 மணி ஆட்டம் இங்கே இரவு 10:30, 3:30 ஆட்டம் நள்ளிரவு 1:00. கடையோ இரவு பத்துக்கு மூடிவிடும். 2025இல் முதல் சுற்று ஏப்ரல் 19, சனிக்கிழமை தொடங்கியது. அன்று நான்கு ஆட்டம்: பேசர்ஸ்-பக்ஸ் நம் நேரம் இரவு 10:30, நகெட்ஸ்-கிளிப்பர்ஸ் 1:00, நிக்ஸ்-பிஸ்டன்ஸ் ஞாயிறு விடியற்காலை 3:30, லேக்கர்ஸ்-டிம்பர்வுல்வ்ஸ் 6:00. கடையில் முதலிலிருந்து கடைசி வரை பார்க்க முடிந்தது நான்காவது மட்டுமே. முதல் சுற்றின் தொடக்க இரவை இங்கே எதிர்பார்த்து வர வேண்டாம். ஞாயிறு விடியலில் இருந்து கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் போனிலேயே பார்த்துவிடலாமே என்றால், டேட்டாவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 720 தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி போகும். நான்கு கால் பகுதியும் சேர்ந்து ஆட்டம் 48 நிமிடம்தான் என்றாலும் டைம் அவுட், ஃபவுல், ஃப்ரீ த்ரோ, பதினைந்து நிமிட இடைவேளை எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரம். ஆக மூன்று நான்கு ஜிபி. நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி தருகிற ரீசார்ஜில் ஆட்டம் முடிவதற்குள் படம் கட்டங்கட்டமாகிவிடும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லாதவர்களுக்கு இந்தக் கடை பெரிய உதவி.

கடையின் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரம். ஏப்ரலில் மாலையும் விடியலும் கோடை மழைக் காற்று வந்தால் கரண்ட் போவது நம் பக்கம் வழக்கம். இங்கே 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. 43 இஞ்ச் டிவி நூறு வாட்டுக்குள், ஒரு ஃபேன், இரண்டு எல்.இ.டி. பல்பு, எல்லாம் சேர்த்தாலும் இருநூறு வாட்டைத் தாண்டாது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஐந்து மணி நேரம் தாங்கும், அதாவது இரண்டு ஆட்டம். பல இடங்களில் இன்வெர்ட்டர் இருந்தும் ஆட்டம் நின்றுபோவதற்குக் காரணம் மோடம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறும் அந்தக் கணநேர இடைவெளியில் மோடம் அணைந்துவிடும். மறுபடி உயிர் வந்து இணைப்புப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம். நான்காம் கால் பகுதியில் அந்த மூன்று நிமிடம் போனால் ஆட்டமே போன மாதிரி. இந்தக் கடைக்காரர் மோடத்துக்கு மட்டும் தனியாக 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். மாட்டியிருக்கிறார். வீட்டிலும் இதைச் செய்யலாம். மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யூ.பி.எஸ்.ஸோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிவி வைத்திருக்கும் இடம் மோசம். பாய்லருக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருப்பதால் பால் பொங்கும்போதெல்லாம் கண்ணாடியில் ஆவி படிகிறது, கீழே ஓடும் ஸ்கோர் வரி மங்கலாகிறது. ஆறு மணிக்கு மேல் வாசல் பக்கமிருந்து வெயில் நேராகத் திரையில் விழும். ஷட்டரைப் பாதி இறக்கினால் டீ குடிக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல். எதிர்ச் சுவருக்கு மாற்றினால் இரண்டு தொல்லையும் தீரும். இதைப் பலரும் சொல்லியாகிவிட்டது. சத்தமும் குறைவுதான், ஆனால் அது நியாயம். மாடியில் குடும்பம் இருக்கிறது, ஆறு மணி வரை வால்யூமைக் கூட்ட மாட்டார்.

இன்னொரு கண்டிப்பான விதி: உட்காரும்போதே போனில் ஸ்கோர் அறிவிப்பை அணைத்துவிட வேண்டும். இணையத்தில் வரும் நேரலை நிஜ ஆட்டத்துக்கு அரை நிமிடம், சமயத்தில் ஒரு நிமிடம்கூடப் பின்னால் ஓடுகிறது. பந்து கையில் இருக்கும்போதே பின் பெஞ்சில் ஒருவர் "அடச்சே" என்றால் மற்ற பதிமூன்று பேருக்கும் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை வெளியே பெஞ்ச்.

டீ நன்றாக இருக்கிறது. டிகாக்ஷன் தூக்கல், சர்க்கரை கேட்டுப் போடுவார்கள். பருப்பு போண்டாவின் முதல் ஈடு ஐந்தே காலுக்கு இறங்கும், புது எண்ணெய், அதைத்தான் வாங்க வேண்டும். இட்லி ஆறுக்கு மேல், சாதாரணம். இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கூட்டமாகிவிடும். இரண்டாம் கால் பகுதியில் கடிகாரம் மூன்று நிமிடம் காட்டும்போதே டீ சொல்லிவிடுங்கள். அந்த மூன்று நிமிடம் ஓடி முடிய எப்படியும் எட்டு நிமிடம் ஆகும், டீயும் வந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே, இந்தக் கடைக்கு ஒருவர் விடியற்காலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருவதற்கான காரணம் கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் நீள நோட்டு. கணிப்பு நோட்டு.

ஒரு தொடருக்கு ஒரு பக்கம். ஐந்து கட்டம்: பெயர், ஜெயிக்கும் அணி, எத்தனை ஆட்டத்தில், காரணம், கடைசியாக "எது நடந்தால் என் கணிப்பு தவறும்". காரணக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கணிப்பைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள், எழுதியவர் எவ்வளவு பழைய வாடிக்கையாளராக இருந்தாலும் சரி. "லெப்ரான் இருக்கிறார்" என்று ஒரு நட்சத்திர வீரரின் பெயரை மட்டும் எழுதினால் அதைக் காரணமாக ஏற்பதில்லை. ஆட்டத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய, அல்லது ஸ்கோர் தாளில் எண்ணக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். விவாதம் என்ற பெயரில் ரசிகச் சண்டை போடும் இடங்கள் எவ்வளவோ உண்டு. இந்த ஒரே ஒரு நிபந்தனை அதை நிறுத்திவிட்டது.

நோட்டு தொடக்க நாள் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு மூடப்படும். முதலிடம்-எட்டாமிடம் தொடர்களின் பக்கம் மட்டும் அன்று காலைதான் திறக்கும், ஏனென்றால் எட்டாவது அணி யாரென்று அதுவரை தெரியாது. கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பிரிவிலும் 7 முதல் 10 வரை இடம்பிடித்தவர்கள் ப்ளே-இன் என்ற தகுதி ஆட்டங்களை ஆடுகிறார்கள். 7-8 மோதலில் ஜெயித்தவருக்கு ஏழாவது இடம். தோற்றவர், 9-10 மோதலில் ஜெயித்தவரோடு ஆடி அதில் வெல்பவருக்கு எட்டாவது இடம். 2025இல் அந்தக் கடைசி இரண்டு ஆட்டம் நம் நேரம் சனிக்கிழமை 4:30க்கும் 7:00க்கும் நடந்தன. கிழக்கில் பத்தாவதாக இருந்த மியாமி ஹீட் இரண்டு வெளியூர் ஆட்டமும் ஜெயித்து உள்ளே வந்தது; பத்தாமிடத்திலிருந்து ப்ளேஆஃபுக்கு வந்த முதல் அணி அதுதான். அதைப் பார்த்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டு "ஹீட், ஆறு ஆட்டத்தில்" என்று எழுதியவர்களுக்கு கிளீவ்லாண்ட் கேவலியர்ஸ் பதில் சொன்னது: 4-0, கடைசி ஆட்டம் 138-83. சீசனில் 64 வெற்றி பெற்ற அணியையும் 37 வெற்றி பெற்ற அணியையும் ஒரு வார உற்சாகத்தை வைத்து எடை போடக் கூடாது.

மதிப்பெண் இப்படி: ஜெயிக்கும் அணி சரியென்றால் 2, ஆட்ட எண்ணிக்கையும் சரியென்றால் கூடுதலாக 3, காரணம் பலித்திருந்தால் 2, இடவரிசையில் பின்தங்கிய அணியைச் சொல்லி அது ஜெயித்தால் 1. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஒருமுறை கணிப்பைத் திருத்தலாம். திருத்தினால் 1 குறையும். பணம் வைக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, அதை உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். டீக்குக்கூடப் பந்தயம் கிடையாது.

எண்ணிக்கைக்கு 3 மதிப்பெண் என்பதால் அதிகமாக வாக்குவாதம் நடப்பது "எத்தனை ஆட்டத்தில்" என்பதில்தான். இதற்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் போட்டது, சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. இரண்டு அணியும் சமபலம் என்றால் தொடர் நான்கு ஆட்டத்தில் முடிய நூற்றுக்குப் பன்னிரண்டரை வாய்ப்பு, ஐந்தில் முடிய 25, ஆறிலும் ஏழிலும் தலா 31 சொச்சம். ஓர் அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 60 வாய்ப்பு இருந்தால் தொடரை ஜெயிக்க 71 ஆகிறது. 70 இருந்தால் 87. அந்த 70இல் 4-0 வருவதற்கு 24, 4-1க்கு 29, 4-2க்கு 22, 4-3க்கு 13. பலமான அணி என்றதும் 4-0 எழுதுவது பலருக்குப் பழக்கம். கணக்கோ 4-1ஐத்தான் காட்டுகிறது.

தாளில் இல்லாத ஒன்றை வாதத்தில் சேர்க்க வேண்டும்: ஆட்டம் நடக்கும் ஊர். ஏழு ஆட்டத் தொடரில் 1, 2, 5, 7 இடவரிசையில் முன்னால் உள்ள அணியின் ஊரில்; 3, 4, 6 மற்ற அணியின் ஊரில். ஆகவே பலமான அணி 3-1 என்று முன்னால் இருந்தால் ஐந்தாவது ஆட்டம் சொந்த ஊரில் வரும், அங்கேயே முடித்துவிடப் பார்க்கும். 4-1 இன்னும் கொஞ்சம் கனக்கிறது, 4-2 இளைக்கிறது. பின்தங்கிய அணி ஜெயிக்கும் என்று எழுதுகிறவர்களுக்கு இது தலைகீழ்: அவர்கள் முடிக்க வேண்டிய இடம் ஆறாவது ஆட்டம், சொந்த ஊரில். முதல் சுற்று 2003இல் ஐந்து ஆட்டத்திலிருந்து ஏழு ஆட்டமாக மாறியது. அதன் பிறகு 2025 வரை எட்டாவது அணி முதல் அணியை வீழ்த்தியது நான்கே முறை. 2007இல் கோல்டன் ஸ்டேட் டல்லாஸை, 2011இல் மெம்ஃபிஸ் சான் அன்டோனியோவை, 2012இல் ஃபிலடெல்ஃபியா சிகாகோவை, மூன்றும் ஆறாவது ஆட்டத்தில், சொந்த ஊரில். 2023இல் மியாமி மட்டும் மில்வாக்கியை ஐந்தே ஆட்டத்தில், எதிரியின் ஊரிலேயே முடித்தது. "எட்டாவது அணி, ஏழு ஆட்டத்தில்" என்று எழுதும் தம்பிகளுக்கு இந்தக் கணக்கை யாராவது ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சொந்த ஊர் என்பதை வேதவாக்காகவும் எடுக்க முடியாது. 2025இல் நியூயார்க்கின் நிக்ஸுக்கும் டெட்ராய்டின் பிஸ்டன்ஸுக்கும் நடந்த தொடரில் ஆறு ஆட்டம். முதல் ஆட்டத்தை நிக்ஸ் நியூயார்க்கில் ஜெயித்தது, மீதி ஐந்தையும் வெளியூரிலிருந்து வந்த அணியே ஜெயித்தது. இரண்டாவதையும் ஐந்தாவதையும் டெட்ராய்ட் நியூயார்க்கில், மூன்று, நான்கு, ஆறை நிக்ஸ் டெட்ராய்டில். ஆறாவது ஆட்டத்தில் நிக்ஸின் ஜேலன் பிரன்சன் கடைசி நொடிகளில் போட்ட த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறிந்து எடுக்கும் மூன்று புள்ளி), 116-113. சொந்த ஊர் என்ற ஒரே காரணத்தை எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தில் காரண மதிப்பெண்ணை இழந்தார்கள்.

இடவரிசை எண்ணைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. 2025 மேற்கில் மூன்றாமிடத்து லேக்கர்ஸ், நான்காமிடத்து நகெட்ஸ், ஐந்தாமிடத்து கிளிப்பர்ஸ் மூவரும் 50 வெற்றி, 32 தோல்வி. ஆறாமிடத்து டிம்பர்வுல்வ்ஸ் 49. ஏழாமிடத்து வாரியர்ஸும் எட்டாமிடத்து கிரிஸ்லீஸும் 48. மூன்றுக்கும் எட்டுக்கும் இடையே இரண்டே வெற்றிதான் வித்தியாசம்! அப்படியிருக்கும்போது ஆறாமிடத்து அணி மூன்றாமிடத்து அணியை ஜெயித்தால் அதை அதிர்ச்சி என்று சொல்லி கூடுதல் 1 மதிப்பெண் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எண்ணைப் பார்க்காமல் வெற்றி வித்தியாசத்தைப் பார்த்து, ஐந்து வெற்றிக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் கூடுதல் மதிப்பெண் என்று மாற்ற வேண்டும்.

நோட்டிலேயே சிறந்த பக்கம் அந்த லேக்கர்ஸ்-டிம்பர்வுல்வ்ஸ் பக்கம். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் ஆன்டனி டேவிஸைக் கொடுத்து லூகா டான்சிச்சை வாங்கியது. டேவிஸ் போனதால் உள்ளே உயரமான ஆள் இல்லாமல் போனது. அந்த ஓட்டையை அடைக்க மார்க் வில்லியம்ஸை வாங்கப் பேசி முடித்த பரிமாற்றமும் உடல்தகுதிப் பரிசோதனைக்குப் பிறகு ரத்தானது. வாதம் இப்படித்தான் போகும்:

"லூகா ஒரு பக்கம், லெப்ரான் ஒரு பக்கம், ரெண்டு பேரையும் யாருண்ணா நிறுத்துறது?"

"நிறுத்த வேணாம் தம்பி. ரிங்குக்குக் கீழ உங்க டீம்ல யாரு நிக்கப்போறது, அத மொதல்ல சொல்லு."

காரணக் கட்டத்தில் "சென்டர் இல்லை, கோபேர் ரீபவுண்டில் அடிப்பார்" என்று எழுதியவர்கள் டிம்பர்வுல்வ்ஸ் பக்கம் நின்றார்கள். சென்டர் என்பவர் வளையத்தடியில் நிற்கும் உயரமான ஆள், ரீபவுண்ட் என்பது விழாத பந்தைப் பிடிப்பது; கோபேர் டிம்பர்வுல்வ்ஸின் சென்டர். நடந்தது அதுதான். நான்காவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் இரண்டாம் பாதி முழுவதும் ஒரே ஐந்து பேரை மாற்றாமல் ஆடவிட்டு, களைத்துப்போய் 116-113 என்று தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தில் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். டிம்பர்வுல்வ்ஸ் 47 த்ரீ பாயிண்டர் எறிந்து ஏழே ஏழுதான் விழுந்தது. அப்படியும் 103-96 என்று ஜெயித்தது. வெளியிலிருந்து எறிந்தது விழாத இரவிலும் ஓர் அணி ஜெயிக்கிறது என்றால் உள்ளே எவ்வளவு பெரிய ஓட்டை இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். தொடர் 4-1. எண்ணிக்கையையும் காரணத்தையும் சேர்த்துப் பிடித்தவர்களுக்கு முழு மதிப்பெண்.

இந்தப் பக்கத்திலிருந்து புதிதாக எழுத வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைமுறை ஒன்று உண்டு. சீசன் சராசரியைப் பார்க்காதீர்கள். பிப்ரவரியில் ஆள் மாறியிருந்தால் அதற்கு முந்தைய எண்கள் வேறோர் அணியின் எண்கள். என்.பி.ஏ.வின் புள்ளிவிவரத் தளத்தில் தேதி வைத்துப் பிரிக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. பிப்ரவரி நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவெளிக்குப் பிறகான ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எண் போதும்: எறிதல் திறன், பந்தைப் பறிகொடுப்பது, எதிரி வளையத்தில் எடுக்கும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ வாங்கும் அளவு. எறிதல் திறனுக்கு வெறும் சதவீதம் பார்த்தால் ஏமாறுவீர்கள், த்ரீ பாயிண்டருக்கு அரைப் பங்கு கூட்ட வேண்டும். 88 எறிந்து 40 விழுந்து, அதில் 12 த்ரீ என்றால், 40உடன் 6 சேர்த்து 46. அதை 88ஆல் வகுத்தால் 52.3. இந்தக் கணக்குக்கான காலித் தாள் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, இரு அணிக்கும் பத்தி போட்டு நன்றாகவே வடிவமைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, இரு அணியும் சீசனில் மோதிய ஆட்டங்கள். "சீசன்ல மூணு ஒண்ணுன்னு ஜெயிச்சோம்" என்று சொல்பவரிடம், அந்த நான்கு ஆட்டத்தில் யார் யார் ஆடவில்லை என்று கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே விழுந்துவிடும். சீசனில் பத்துப் பேரை மாற்றி மாற்றி ஆடவைக்கும் பயிற்சியாளர், ப்ளேஆஃபில் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார். முதல் சுற்றில் அடுத்தடுத்த நாள் ஆட்டம் கிடையாது, குறைந்தது ஒருநாள் ஓய்வு, சில இடங்களில் இரண்டு நாள். ஆகவே முதல் ஐவர் நாற்பது நிமிடம் தாங்குவார்கள். பெஞ்ச் பலத்தால் சீசனில் வெற்றி குவித்த அணிக்கு இது பாதகம். அதே எதிரியோடு ஏழு முறை ஆடும்போது ஒரு பலவீனம் கண்ணில் பட்டுவிட்டால், அதையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். டிஃபன்ஸில் மெதுவாக நகரும் ஒரு சென்டர், ஃப்ரீ த்ரோ போடத் தெரியாத ஒரு ஆள், அவ்வளவு போதும்.

ஐந்தாவது கட்டம், "எது நடந்தால் தவறும்", இந்தக் கடையின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதில் "காயம்" என்று ஒற்றைச் சொல் எழுதுகிறார்கள். யாருக்குக் காயம் என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றை மாற்றியது பலமுறை அதுதான். 2012இல் முதல் ஆட்டத்திலேயே டெரிக் ரோஸுக்கு முழங்கால் போனது, சிகாகோ சரிந்தது. 2023இல் மில்வாக்கி பக்ஸின் யானிஸுக்கு முதல் ஆட்டத்தில் முதுகில் அடி. 2025இல் அதே பக்ஸின் டேமியன் லில்லார்ட், ரத்தக்கட்டிக்குச் சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்து, நான்காவது ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து வீழ்ந்தார். பக்ஸ் பேசர்ஸிடம் 4-1 என்று தோற்றது. "லில்லார்ட் முழுத் தொடரும் ஆடாவிட்டால்" என்று ஒருவர் பெயரோடு எழுதியிருந்தால் அவர் அந்த அணியைப் படித்திருக்கிறார் என்று பொருள்.

தீர்ப்பு சொல்வதில்தான் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. காரணம் பலித்ததா என்று முடிவு செய்ய மூன்று பேர். அந்த மூவருமே அந்தத் தொடருக்குக் கணிப்பு எழுதியவர்களாக இருப்பார்கள். 2025 ஹூஸ்டன் ராக்கெட்ஸ்-வாரியர்ஸ் பக்கத்தில் இது பெரிய தகராறானது. "எதிரி வளையத்து ரீபவுண்டில் ஹூஸ்டன் மிதிக்கும்" என்பது காரணம். அந்த சீசனில் அந்த வகை ரீபவுண்டில் லீகிலேயே முதலிடம் ஹூஸ்டன்தான், அதன் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் நிற்கும்போதெல்லாம் தொடரிலும் அது தெரிந்தது. 1-3 என்று பின்தங்கி ஏழாவது ஆட்டம் வரை இழுத்தும்விட்டார்கள். ஆனால் அந்த ஏழாவது ஆட்டத்தில் பட்டி ஹீல்ட் ஒன்பது த்ரீ போட்டு 33 புள்ளி எடுக்க, வாரியர்ஸ் 103-89 என்று ஹூஸ்டனிலேயே முடித்தது. காரணம் சரி, முடிவு தவறு. 2 மதிப்பெண் உண்டா இல்லையா? கடையில் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தோடு ஓர் எண்ணையும் எழுதச் சொன்னால் இந்தச் சண்டையே வராது: "ஆட்டத்துக்கு ஐந்து ரீபவுண்டாவது கூடுதல்" என்று இருந்தால் ஸ்கோர் தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்து முடித்துவிடலாம், மூன்று பேர் தேவையே இல்லை.

இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு திருத்தும் வசதியை அவசரப்பட்டு வீணாக்காதீர்கள். 0-2 என்றால் எங்கே தோற்றது என்று பாருங்கள். வெளியூரில் இரண்டும் போனது எதிர்பார்த்ததே, அடுத்த இரண்டு சொந்த ஊரில். சொந்த ஊரில் இரண்டும் போனால் அது வேறு சங்கதி. 0-3இலிருந்து மீண்டு தொடரை ஜெயித்த அணி 2025 வரை என்.பி.ஏ. வரலாற்றிலேயே இல்லை, 2003 முதல் சுற்றில் போர்ட்லாண்ட் டல்லாஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டம் வரை வந்து தோற்றது. 1-3இலிருந்து மீண்டவர்கள் உண்டு. 2020இல் டென்வர் யூட்டாவிடம் 1-3 என்று இருந்து ஜெயித்தது; அந்தத் தொடரில் ஜமால் மர்ரேவும் டானவன் மிட்செலும் ஆளுக்கு இரண்டு முறை 50 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தார்கள். ஆனால் அந்த வருடம் கோவிட் காரணமாக எல்லா ப்ளேஆஃப் ஆட்டமும் ஆர்லாண்டோ அருகே ஒரே இடத்தில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. சொந்த ஊர் என்பதே இல்லாத தொடரை இன்றைய வாதத்துக்கு உதாரணமாக இழுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உட்கார இடம் பதினான்கு பேருக்கு. நான்கரை மணி ஆட்டத்துக்கு நான்கு மணிக்கு வந்தால் உள்ளே பெஞ்ச், நான்கே காலுக்கு மேல் நிற்க வேண்டியதுதான். அந்நேரத்துக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது, டூவீலர் வேண்டும். வண்டியை ஜெராக்ஸ் கடை முன்னால் நிறுத்தலாம், எட்டரைக்குள் எடுத்துவிடுங்கள். கழிவறை கிடையாது. கல்லூரி அணியில் ஆடும் பெண்கள் சிலர் ஞாயிறு ஆறு மணி ஆட்டத்துக்கு வருகிறார்கள். உள்ளறையில் ஒரு மேசையை அவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார் கடைக்காரர், அங்கிருந்து திரையும் நன்றாகத் தெரிகிறது, வெயிலும் விழாது. சொல்லப்போனால் கடையிலேயே நல்ல இடம் அதுதான். அவர்களில் ஒருவர் எழுதும் காரணக் கட்டங்கள்தான் நோட்டில் மிகத் தெளிவானவை, தவறாமல் படித்துப் பாருங்கள்.

நோட்டில் எழுத வருகிறவர்கள் பேனாவைக் கையோடு கொண்டுவருவது நல்லது. நூலில் கட்டிய பேனா ஆவி பட்டு எழுதுவதில்லை. சனிக்கிழமை இரவு எட்டேமுக்காலுக்கு ஓடி வந்து எட்டுப் பக்கத்தையும் நிரப்ப முடியாது. வெள்ளிக்கிழமை மாலையே வந்து, முதலிடம்-எட்டாமிடப் பக்கங்களைத் தவிர மீதியை முடித்துவிட்டுப் போங்கள்.